உயிரோடு இருப்பவரிடம் கேட்கும் கேள்வி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிகூட "அப்படி யாரும் இல்லையே" என்று கையை விரித்துவிடுவார். "பத்திரம் அக்கா" என்று கேட்டால்தான் நேரே கூட்டிப்போய், நகல் எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் விடுவார்கள். எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போகிறவர்களிடமும் "பத்திரம், ரோட்டைப் பார்த்துக் கடங்க" என்று சொல்லி அனுப்புகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பயம் என்றால் உங்கள் வீட்டுப் பயம் எங்கள் வீட்டுப் பயம் இல்லை. கேஸை அடைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போவாள். லிஃப்டில் ஏறமாட்டாள், நாலு மாடியும் படிதான். மகள் காலேஜ் பஸ்ஸில் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன், நடுவில் மழை வந்தால் இன்னொன்று. விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாளே தவிர, ஏறியதில்லை. இப்படிப்பட்டவளுக்குக் கம்பெனி கொடுத்த வேலையைப் பாருங்கள்: வெளிநாடு போகிறவர்களுக்குப் பயண ஏற்பாடு! "பயப்படுற ஆள்தாம்மா இதுக்கு லாயக்கு" என்று மேனேஜர் பதினொரு வருஷத்துக்கு முன்னால் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அது பலித்துவிட்டது.

கம்பெனிக்குத் தொழில் டீசல் ஜெனரேட்டர். ஆஸ்பத்திரிகளுக்கு விற்பது, மாட்டிக் கொடுப்பது, மக்கர் செய்தால் ஆள் அனுப்பிச் சரிசெய்வது. சாதாரண நாடு என்றால் பச்சைக் கோப்பு போடுவாள், ஒரு நாளில் முடிந்துவிடும். துப்பாக்கியும் கலவரமுமாக இருக்கிற நாடு என்றால் சிவப்புக் கோப்பு. அதற்கு அவளுக்கு மூன்று வாரம் வேண்டும், அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்காது.

சிவப்புக் கோப்பு என்றால் ஊசியில் ஆரம்பம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளுக்கு முன்னாலேயே போட்டு அட்டை வாங்கினால்தான் அங்கே இறங்கவே விடுவார்கள். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் நிறுத்தக்கூடாது. "அதான் வந்தாச்சேக்கா" என்று நிறுத்தின ஃபிட்டர் ஒருவர் ஒரு மாதம் குளிர்காய்ச்சலில் கிடந்த கதையை அவள் போகிறவர், வருகிறவர் எல்லாரிடமும் சொல்வாள். பாஸ்போர்ட் நகல் ஒன்று பையில், ஒன்று இடுப்பில், ஒன்று இவளிடம். போன் நம்பர் எழுதிய தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஷூவுக்குள். பொழுது சாய்ந்தால் ரோட்டில் இருக்கக்கூடாது, கூட்டம் கூடினால் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது, பாலத்தையும் ராணுவ வண்டியையும் படம் எடுக்கக்கூடாது. மறித்தார்கள் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தினமும் அந்த ஊர் நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு போன், மாலை ஐந்து மணிக்கு ஒரு போன்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அடுத்து மூன்று தாளை எடுத்து வைப்பாள், அங்கே சிரிப்பு நின்றுவிடும். ஒன்று உயில். இரண்டாவது டாக்டருக்குச் சீட்டு: அவர் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி, உறையில் போட்டு வைத்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால் பத்திரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆளை அடையாளம் தெரியாமப் போச்சுன்னா, டி.என்.ஏ..." என்று இழுப்பாள். மூன்றாவது ஒரு கேள்வி, ஒரு பதில். நாளைக்கு யாராவது கடத்திக்கொண்டு போய், 'உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார்' என்று சொன்னால், அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவரிடம் கேட்கச் சொல்லும் கேள்வி. போகிறவருக்கும் வீட்டில் ஒருத்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்.

இதில் ஆம்பளைகள் எழுதுகிற அழகு இருக்கிறதே! ஒருவர் "என் மனைவி பிறந்த நாள் என்ன?" என்று எழுதினார். "இது உங்க போன்லயே இருக்கும், அவனே பார்த்துச் சொல்லிடுவான். அதுவும் உங்களைக் கேட்டா நீங்க தப்பா சொல்வீங்க" என்று கிழித்துப் போட்டாள். வேறு எழுத வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் மேஜைக்குப் பயண ஏற்பாடு கேட்டு ஒரு சீட்டு வந்தது. ஆப்பிரிக்காவின் நட்டநடுவில் இருக்கிற ஒரு நாடு. அரசாங்கங்கள் போடுகிற பயண எச்சரிக்கைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற நாடு. 'போகவே வேண்டாம், போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உயிலை எழுதிவிட்டுப் போங்கள்' என்று அதிலேயே போட்டிருக்கும். பயணம் செய்பவர் என்ற இடத்தைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் பெயர்.

அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் தலைமை மெக்கானிக். கீழே ஒர்க்ஷாப்பில் இருப்பார். காலையில் ஒரே வண்டியில் வந்தார்கள், வழியெல்லாம் வாழைப்பழம் விலை பேசிக்கொண்டு வந்த மனுஷன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி இறங்கிப் போனாள்.

"என்னங்க இது?"

"பேப்பர்" என்றார், இன்ஜினுக்குள் விட்ட கையை எடுக்காமல்.

"விளையாடாதீங்க. எனக்கு இங்க உயிரு போகுது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்த ஆஸ்பத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்றாங்களாம். பழைய மாடல் இன்ஜின். அதைப் பிரிச்சுப் பார்த்தவன் இங்க நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க."

"வேற ஆள் வீட்டுல இருக்கிறவளுக்கு வயித்துல புளியைக் கரைக்காதா? உனக்கு மட்டும்தானா?"

அவள் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். படியேறி மேலே வந்து, சிவப்புக் கோப்பு ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதினாள். எழுத்து கோணிப்போக, வேறு கோப்பு எடுத்து மறுபடியும் எழுதினாள்.

அந்த மூன்று வாரம் வீட்டில் மனுஷன் இருக்க முடியவில்லை. ஊசி போட்ட கையைப் பத்து தடவை பார்த்தாள். ஷூவுக்குள் வைக்கும் தாளைத் தண்ணீர் வாளியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மை கலையவில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டாள். கொசுவலையை நடு ஹாலில் கட்டி, உள்ளே அவரை உட்காரவைத்து ஓட்டை தேடினாள். மகள் அதைப் படம் எடுத்துவிட்டு, "அப்பா, இதுவே கடத்தல் மாதிரிதான் இருக்கு" என்று சிரித்தாள். "வாயை மூடு" என்று பத்திரம் கத்தின கத்தலில் அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்றாவது தாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"கேள்வியை நானே சொல்றேன்" என்றாள் அவள். "முதல் சண்டையில நான் உங்க மேல எதை எறிஞ்சேன்?"

"சீப்பு" என்றார் அவர் பட்டென்று.

"சோப்புப் பெட்டிங்க!"

"சீப்பு. காதோரம் உரசிக்கிட்டுப் போச்சு. அடி வாங்கினவனுக்குத் தெரியாதா?"

"எறிஞ்சவளுக்குத் தெரியாதா?"

இது இருபத்திரண்டு வருஷத்து வழக்கு. ஒற்றை அறையில் குடித்தனம் ஆரம்பித்த இரண்டாம் மாதம், கிரீஸ் கையை அவள் புதுத் துண்டில் துடைத்தார் என்று வந்த சண்டை. அப்புறம் எத்தனையோ சண்டை வந்து போனது. ஆனால் எறிந்தது எது என்பதில் அந்த மனுஷன் இம்மியும் இறங்கி வந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கேட்டாலும் சீப்பு, அவள் அழுதுகொண்டு கேட்டாலும் சீப்பு. கடைசியில் மகள் வந்து, "அம்மா எழுதுறதுதான் கோப்புல இருக்கும், அதையே சொல்லிடுங்கப்பா" என்று பஞ்சாயத்து பண்ணினாள். அவர் முனகிக்கொண்டே 'சோப்புப் பெட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எழுதிட்டேன். ஆனா அது சீப்புதான்" என்று எழுந்துபோனார்.

போனார். போய் இறங்கினார். காலை ஏழு, மாலை ஐந்து தவறாமல் போன் வந்தது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே தங்கல், விமான இறங்குதளத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். இன்ஜினைப் பிரித்துவிட்டார், டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் எல்லாம் கரி பிடித்துக் கிடந்தது, நாலாம் நாள் இன்ஜின் ஓடிவிட்டது. விளக்கு எரிந்ததும் நர்ஸுகள் கைதட்டினார்களாம். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிற ஒரு டிரைவரைத் துணைக்குக் கொடுத்திருந்தார்கள். "தங்கமான ஆளு, எனக்கு அவங்க பாஷை சொல்லித் தர்றான். தண்ணிக்கு என்ன, சோத்துக்கு என்ன, எல்லாம் தெரியும் இப்போ" என்றார். பத்திரம் அதைக் காதில் வாங்கவில்லை. "வண்டியில சீட் பெல்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இங்கிருந்து நாப்பது கிலோமீட்டர்ல ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி இருக்காம். அங்கயும் ஜெனரேட்டர் நின்னுபோச்சு. அந்த நர்ஸம்மா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. போயிட்டு மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

அவள் சிவப்புக் கோப்பை இழுத்துப் புரட்டினாள். "கோப்புல அது இல்லையேங்க."

"நீ வேண்டாம்னா போகலை. சொல்லு."

பதினொரு வருஷத்தில் எத்தனை பேருக்கு 'கூடாது' என்று சொல்லியிருக்கிறாள்! அன்றைக்கு வாயில் அது வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டாரே. வழக்கமான பட்டியலை எடுத்தாள். டயர் எப்படி, ஸ்டெப்னி இருக்கா, டீசல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, சாட்டிலைட் போன் சார்ஜ் ஏறியிருக்கா, டிரைவர் உண்டா. எல்லாவற்றுக்கும் "இருக்கு, இருக்கு" என்றார். "பத்திரம்ங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மாலை ஐந்து மணிக்குப் போன் வரவில்லை.

ஐந்து பத்துக்கு இவள் போட்டாள். அடிக்கவே இல்லை. ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டாள், வண்டி திரும்பவில்லை என்றார்கள். ஆறு மணிக்கு, இங்கே ராத்திரி என்றும் பாராமல், மேனேஜர் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேரவே இல்லை என்று மறுநாள் தெரிந்தது. வழியில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார்கள். யார் மறித்தார்கள்? அங்கே நாலைந்து கூட்டம் துப்பாக்கியோடு அலைகிறது, எது என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி அந்தப் பக்கத்திலேயே இருக்கிற பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரைப் பிடித்தது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சுருக்கமாகப் பேசுகிறவர். அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "காத்திருங்க. கேள்வியைத் தயாரா வைங்க."

காத்திருப்பது என்றால் என்ன என்று இத்தனை நாள் மற்றவர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். "தைரியமா இருங்க, சாப்பிடுங்க, போனை ஃப்ரீயா வைங்க" என்று. இப்போது அவள் சாப்பிடவும் இல்லை, போனைக் கையிலிருந்து கீழே வைக்கவும் இல்லை. வீட்டில் அவர் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை மடித்து வைக்கவும் பயம், அப்படியே விடவும் பயம். டாக்டரிடம் இருக்கிற அந்தப் பஞ்சு உறை ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். ஒரு நாளைக்கு இருபது தடவை கழுவினாள். மகள் ஒருமுறை, "நீ ஏம்மா போகச் சொன்னே?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று பத்திரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் ஒரு கூட்டம் ஆள் அனுப்பியது, மெக்கானிக் எங்களிடம்தான் இருக்கிறார் என்று. அன்றைக்கே மத்தியானம் இன்னொரு கூட்டமும் அதையே சொன்னது. ஆலோசகர் இரண்டு பக்கமும் கேள்வியை அனுப்பினார். முதல் சண்டையில் உங்கள் மனைவி உங்கள் மேல் எதை எறிந்தார்?

முதல் கூட்டத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: செருப்பு.

மேனேஜர் அறையில் ஸ்பீக்கர் போனில் அதைக் கேட்டதும் பத்திரம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இல்லை, அவங்ககிட்ட இல்லை" என்றாள். உலகத்தில் யாரைக் கேட்டாலும் செருப்பு என்றுதான் சொல்வார்கள். இனி இரண்டாவது கூட்டம்தான் மிச்சம். அவர்களும் இப்படி எதையாவது சொல்லிவிட்டால்? அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாறி, சுற்றி வளைத்து, ஆலோசகர் வாய் வழியாக வந்து விழுந்தது: "சோப்பு வைக்கிற பெட்டி."

மேனேஜர் மேஜையைத் தட்டி எழுந்துவிட்டார். "இருக்காரும்மா! உயிரோட இருக்கார்!" வெளியே நின்றிருந்தவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். பத்திரம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மினாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

உயிரோடு இருக்கிறார், அது சந்தோஷம்தான். ஆனால் சீப்பு என்று ஒரு வார்த்தை இல்லையே! 'கோப்பில் சோப்புப் பெட்டி என்று இருக்கிறது, ஆனால் உண்மையில் சீப்பு' என்று அந்த மனுஷன் எந்த நிலையிலும் சேர்த்துச் சொல்லியிருப்பாரே. இருபத்திரண்டு வருஷம் விட்டுக்கொடுக்காதவர் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டுவிட்டார். எவ்வளவு பயந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்? அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் பயப்படுவது அவள் வேலையாக இருந்தது.

ஊர்ப் பெரியவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று யார் யாரோ நடுவில் போய்ப் பேசினார்கள். அவரைப் பிடித்துவைத்ததே அந்தக் கூட்டத்தாரின் லாரியையும் ஜெனரேட்டரையும் சரிபண்ணத்தான். சரிபண்ணிக் கொடுத்தாகிவிட்டது. பிடிபட்ட ஒன்பதாம் நாள் ஒரு பாலத்தடியில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் வீட்டுப் படியேறினார். கன்னம் ஒட்டிப்போய், கடன் வாங்கின சட்டை போட்டுக்கொண்டு. பத்திரம் ஓடிப்போய்க் கையைத் தொட்டுப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். "முழுசா இருக்கேன், எண்ணிப் பார்த்துக்கோ" என்றார். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்றார். மூன்றாம் நாள் காலை தட்டில் கை வைத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"அவனை விடலை" என்றார். "டிரைவரை."

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. எந்த டிரைவர்?

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்லதான் வச்சிருந்தாங்க. ஒரு நாள் ஒருத்தன் காகிதத்தோட வந்தான். முதல் சண்டையில உன் பொண்டாட்டி எதை எறிஞ்சாள்னு கேட்டான். எனக்குக் கை காலெல்லாம் உதறுது. தப்பா சொன்னா தீர்ந்தது. எழுதினதை அப்படியே சொன்னேன். அவன் போனதும் டிரைவர் என்னன்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையில விளக்கினேன். நம்மளைத் தேடுறாங்க, உயிரோட இருக்கோமான்னு பார்க்குறாங்கன்னு. அவன் எழுந்து சட்டையைச் சரிபண்ணிக்கிட்டு உட்கார்ந்தான். என்னை என்ன கேப்பாங்கன்னு கேட்டான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தினமும் கேட்டான். என்னை எப்போ கேப்பாங்க, என்னை எப்போ கேப்பாங்கன்னு. நடுங்கிக்கிட்டே கேட்பான். யாரும் கேக்கலை. என்னைக் கூட்டிட்டுப் போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு பேர் வந்து விரலைப் பிரிச்சு விட்டாங்க."

பத்திரம் அன்றைக்குக் கேஸை அடைத்தாளா என்று பார்க்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு நேரே அலுவலகம் போனாள். சிவப்புக் கோப்பை விரித்தாள். வண்டியின் நம்பர் இருந்தது, டயர் வாங்கின வருஷம் இருந்தது, சீட் பெல்ட் இருந்தது. கீழே அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'டிரைவர்: உண்டு.' அவ்வளவுதான். பெயர் இல்லை, வீடு இல்லை, ஒரு போன் நம்பர் இல்லை. மற்ற சிவப்புக் கோப்புகளையும் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் 'உண்டு'. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

மேனேஜர் கோப்பைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அவன் உள்ளூர் ஆள்மா. ஆஸ்பத்திரி ஆள். நம்ம பொறுப்புல வரமாட்டான்."

"நம்மாளுக்கு வண்டி ஓட்டினான் சார்" என்றாள். பதினொரு வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நான்தான் போகச் சொன்னேன். ஆலோசகருக்குப் போன் போடுங்க. இவரைக் கேட்ட மாதிரி அவனையும் கேக்கணும். கேட்டாத்தானே தேட ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்? கேள்வியை நான் வாங்கித் தர்றேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு குமாஸ்தா இருந்தார். டிரைவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயேதான் இருக்கிறாள், தினமும் வருகிறாள் என்றார். கூட்டிவந்து போன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் பத்திரம், அவள் பக்கத்தில் மெக்கானிக். நடுவில் குமாஸ்தா மாற்றி மாற்றிச் சொன்னார்.

பத்திரம் மெதுவாக விளக்கினாள். உன் கணவருக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் சொல்லம்மா, அதை அவரிடம் கேட்கச் சொல்லி அனுப்புவோம், உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள.

குமாஸ்தா அதை அவர்கள் பாஷையில் சொல்லி முடித்தார். பிறகு அந்தப் பெண் ஏதோ கேட்டாள். குமாஸ்தா சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் கடைசியா அவரைப் பார்த்தாராமே. அப்போ அவர் பயந்துபோய் இருந்தாரான்னு கேக்குறாங்க."

பத்திரம் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குத் தெரியாதா, அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று? இத்தனை நாள் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது அதுதானே. அதை இன்னொருத்தி தலையில் ஏற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லைன்னு சொல்லுங்க" என்றாள். "தைரியமா இருந்தாராம். இவருக்கே தைரியம் சொன்னாராம்."

குமாஸ்தா சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் படபடவென்று பேசினாள், குரல் உடைந்துபோனது. குமாஸ்தா தயங்கினார்.

"அப்படின்னா அது அவர் இல்லையாம். கதவு அடிச்சாலே எழுந்து உட்கார்ந்துக்கிற ஆளாம் அவர். வண்டி எடுக்கிறப்போ தினமும் கை நடுங்குமாம், இவங்கதான் பிடிச்சு விடுவாங்களாம். நீங்க வேற யாரையோ பார்த்துட்டு வந்து சொல்றீங்க, என் புருஷன் செத்துட்டார், அதை மறைக்கிறீங்கன்னு அழறாங்க."

"இல்லைம்மா, இல்லைம்மா" என்று பத்திரம் பதறினாள். மெக்கானிக் எட்டிப் போனை இழுத்துக்கொண்டார். குமாஸ்தாவுக்குக்கூடக் காத்திராமல், தெரிந்த நாலு வார்த்தையில் அவரே சொன்னார். பயம். ரொம்பப் பயம். கை இப்படி, இப்படி என்று, போனில் தெரியாது என்பதுகூட மறந்து, தன் கையை நடுக்கிக் காட்டினார். "என் கையைப் பிடிச்சுக்கிட்டான்மா, விடவே இல்லை" என்றார், அது தமிழில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவர்தான்னு சொல்றாங்க" என்றார் குமாஸ்தா.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் கேள்வியைச் சொன்னாள். பத்திரம் பேனாவைத் திறந்து, முதலில் டிரைவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.